பம்புக்குள் புகுந்த காற்று

பாஸ்கலுக்கு பம்பைப் பற்றித் தெரிந்தது மொத்தம் இரண்டே விஷயம். எஞ்சினை ஓட்டினால் பம்பு தண்ணீர் தரும். எஞ்சினை நிறுத்தினால் தராது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்று வருஷம் அவன் பம்புக்காரனாகக் காலம் தள்ளிவிட்டான். காலம் தள்ளியதோடு நில்லாமல் பேரும் வாங்கியிருந்தான். மலாய் நாட்டில் செமோர் ஊரைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் 'பம்பு பாஸ்கல்' என்று கேட்டால், கூலியாட்கள் குடியிருக்கும் லயத்து நாய் கூட வழி காட்டும் என்பது அவனுடைய எண்ணம்.

அந்தப் பக்கத்துத் தோட்டத் துரைமார்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு கிளப் கட்டியிருந்தார்கள். கிளப்புக்குப் பின்னால் சிமெண்டில் ஒரு நீச்சல் குளம். குளத்துக்குக் கீழே பள்ளத்தில் ஓடை. ஓடைக்கும் குளத்துக்கும் நடுவில் தகரக் கொட்டகையில் ஒரு மண்ணெண்ணெய் எஞ்சின், அதோடு பெல்ட் போட்டு இழுத்த ஒரு பம்பு. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை குளத்துத் தண்ணீரை வடியவிட்டு, பாசியைத் தேய்த்துக் கழுவி, ஓடைத் தண்ணீரை ஏற்றி நிரப்ப வேண்டும். நிரம்ப ஒன்றரை நாள் ஆகும். அதுதான் பாஸ்கலின் உத்தியோகம்.

இந்த உத்தியோகம் வந்த கதையை அவன் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. "முன்னே எங்கே வேலை?" என்று கிளப் செக்ரட்டரி துரை கேட்டபோது, "ஈப்போவுக்குத் தெற்கே ஈயச் சுரங்கத்துல, பம்பு எஞ்சினியர் தொரைகிட்ட ஆறு வருஷம்" என்று சொன்னான். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. எஞ்சினியர் துரையின் அடுப்படியில் கோழிக்கறி வைத்துக்கொண்டிருந்தேன் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். கேட்கவில்லை. தன் மனச்சாட்சியோடு பாஸ்கல் இப்படித்தான் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தான். மனச்சாட்சியும் சாப்பாட்டுக்கு வழி பார்க்கும் சாதிதான் என்பதால் ஒத்துக்கொண்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம், ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எஞ்சின் ஓடியது, பம்பு சுற்றியது, தண்ணீர் மட்டும் வரவில்லை.

குழாய் வாயில் கையை வைத்துப் பார்த்தான் பாஸ்கல். புஸ் என்று காற்று வந்தது. அவனுக்குத் தெரிந்த இரண்டாவது வித்தையைச் செய்தான். எஞ்சினை நிறுத்தினான். பிறகு முதல் வித்தையைச் செய்தான். மறுபடியும் புஸ். வித்தை தீர்ந்துபோயிற்று.

சனிக்கிழமை கிளப்பில் நீச்சல் போட்டி. தைப்பிங்கிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் துரைமார்களும் அவர்கள் வீட்டு அம்மாமார்களும் வருவதாக இருந்தது. குளத்தை முந்தின நாள்தான் வடித்துக் கழுவியிருந்தார்கள். அது துடைத்து வைத்த சட்டி மாதிரி வெயிலில் பளபளத்தது.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தும் தண்ணீர் விழும் சத்தம் கேட்காததால் லயத்திலிருந்து பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். மரத்தில் ரப்பர் பால்வெட்டு முடித்து வாளியோடு வந்த செல்லாயி முன்னால் நின்றாள். முனியாண்டி கோயில் பூசாரி சன்னாசி வாசலில் வந்து நின்று எட்டிப் பார்த்தான். பாஸ்கலைவிட நாலைந்து வயது இளையவன். வலது கையில் இரண்டு விரல் கிடையாது. பாஸ்கலுக்கு வேர்த்தது. வேர்த்தால் அவனுக்குக் குரல் உயரும்.

"பூசாரிக்கு இங்க என்ன வேலை? இது இரும்புச் சமாச்சாரம். தேங்கா ஒடைக்கிற எடம் இல்ல. போ, போ."

சன்னாசி திரும்பிப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு பாஸ்கல் இரும்புச் சமாச்சாரத்தைத் தொடங்கினான். பெல்ட் வழுக்குகிறது என்று முதலில் தீர்மானித்தான். பெல்ட்டை இழுத்து முறுக்கினான். அது இரண்டு நிமிஷம் கிறீச்சிட்டது. பிறகு சக்கரத்தை விட்டுத் துள்ளி வந்து அவன் முதுகில் ஒரு சாத்து சாத்திவிட்டு மூலையில் போய் விழுந்தது. செல்லாயி, "அண்ணே, பம்பு உங்கள அடிக்குது" என்றாள். "அது அப்படித்தான். பழகுன பம்பு" என்றான் பாஸ்கல்.

பெல்ட்டை மறுபடி மாட்டிவிட்டு, அடுத்து, ஓடைக்குள் கிடந்த குழாயின் வாயில் குப்பை அடைத்திருக்கும் என்று இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினான். குழாய் வாயில் ஒரு சல்லடை இருந்தது. அதில் நாலு ரப்பர் இலை ஒட்டியிருந்தது. ரொம்பப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி அவற்றை எடுத்து உயர்த்திக் காட்டினான். மேலே ஏறியபோது காலில் ஆறு அட்டை. எஞ்சினை ஓட்டினால் மறுபடியும் புஸ். அட்டைகளுக்கு மட்டும் அன்றைக்கு நல்ல வேளை.

மூன்றாவதாக, பம்பின் தண்டு வெளியே வரும் இடத்தில் சொட்டுச் சொட்டாக ஈரம் கசிந்திருந்த அடையாளத்தைப் பார்த்தான். ஒழுகுவது கெட்டது என்பது அடுப்படியில் கற்ற பாடம். அங்கிருந்த நட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினான். இந்தத் தடவை காற்றுக்குப் பதிலாகப் புகை வந்தது. உள்ளே திணித்திருந்த சணல் கருகி, கொட்டகை முழுக்கக் கருவாடு தீய்ந்த மாதிரி நாறியது. நட்டைத் தளர்த்தி, பழைய சணலைச் சுரண்டி எடுத்துவிட்டு, எண்ணெயில் தோய்த்த புதுச் சணலைத் திணித்தான்.

அந்த நேரம் பார்த்து செக்ரட்டரி துரை வந்து நின்றார்.

"பாஸ்கல், தண்ணி எங்கே?"

"வருது தொரை. சின்னக் கோளாறு. பம்புக்கு வயசாச்சு."

"வயசா? வாங்கி நாலு வருஷம்."

"சீமையில நாலு, தொரை. இங்க வெயில்ல அது நாப்பது."

துரை அவனை மேலும் கீழும் பார்த்தார். முதுகில் பெல்ட் தடம், காலில் ரத்தம், முகத்தில் கரி. இவ்வளவு பாடுபடுகிறவன் வேலை தெரிந்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. "சனிக்கிழமை. மறக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை காலையில் பாஸ்கல் ரயிலேறி ஈப்போவுக்குப் போனான். பம்புக்குச் சாமான் வாங்கப் போவதாக எல்ஸியிடம் சொன்னான். எல்ஸி அவன் மனைவி. கிளப்பில் துணி வெளுத்துப் போடுகிறவள். "என்ன சாமான்?" என்று கேட்டாள். "சொன்னா உனக்குப் புரியாது" என்றான். அவனுக்கும் புரியாது என்பது இருவருக்கும் தெரியும். எல்ஸி நல்ல குடும்பத்துப் பெண். சிரிக்கவில்லை.

ஈப்போவில் ஆற்றோரம் ஒரு சீனர் பட்டறை இருந்தது. சுரங்கத்துப் பம்புகளை எல்லாம் அங்கேதான் பிரித்துப் போட்டிருப்பார்கள். பட்டறைக்காரர் பனியனோடு குந்திக்கொண்டு ஏதோ ஒன்றை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். பாஸ்கல் சட்டையைச் சரி செய்துகொண்டு, முதலாளி என்பதற்குத் தவுக்கே போட்டு மலாயில் பேசினான்.

"எனக்கு இல்ல தவுக்கே. என் சிநேகிதன் ஒருத்தன். அவன் பம்பு சுத்துது, தண்ணி வரல."

பட்டறைக்காரர் தலையைத் தூக்கவே இல்லை. "ஆங்கின் மாசோக்" என்றார்.

காற்று புகுந்துவிட்டது. அவ்வளவுதான். எப்படிப் புகுந்தது, எங்கே புகுந்தது, எப்படி வெளியே தள்ளுவது என்று கேட்க பாஸ்கலின் வாய் துடித்தது. கேட்டால் சிநேகிதன் கதை அவிழ்ந்துவிடும். "அதேதான் நானும் அவன்கிட்ட சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு காப்பியைக் குடித்து அடுத்த ரயிலில் திரும்பிவிட்டான். வழி முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டு வந்தான். வைத்தியரைத் தேடி அவ்வளவு தூரம் போய், எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருகிற முட்டாள் இந்தப் பேரா மாநிலத்தில் இவன் ஒருவன்தான்.

வீட்டில் எல்ஸி கேட்டாள். "என்ன சொன்னாங்க?"

"பம்புக்குள்ள காத்து புகுந்திருச்சாம்."

எல்ஸி அதைக் குழாயடியில் செல்லாயியிடம் சொன்னாள். செல்லாயி வாளி நிரம்புவதற்குள் நாலு பேரிடம் சொன்னாள். பம்புக்குக் காற்று அடித்திருக்கிறது. காற்று என்றால் லயத்தில் ஒரே ஒரு அர்த்தம்தான். போன மாசி மாதம் ஓடைப் பக்கம் தலைவிரித்துப் போன ஒருத்திக்கு அடித்த அதே காற்று. அதற்கு என்ன செய்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை விடிந்து பாஸ்கல் கொட்டகைக்குப் போனபோது வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. முப்பது பேர் நின்றார்கள். சன்னாசி நெற்றி நிறைய விபூதியும் இடுப்பில் சிவப்புத் துணியுமாக, பக்கத்தில் ஏழு குடம் மஞ்சள் தண்ணீரோடு நின்றான்.

"யாரு இதெல்லாம் செய்யச் சொன்னது?" என்றான் பாஸ்கல்.

"நீங்கதானே அண்ணே சொன்னீங்க, காத்து புகுந்திருச்சுன்னு" என்றாள் செல்லாயி.

"நான் வேதக்காரன். எனக்கு இதெல்லாம் ஆகாது."

"உங்களுக்கா ஓட்டுறோம்? பம்புக்குத்தானே."

பம்பு எந்த வேதம் என்று பாஸ்கல் யோசித்ததில்லை. சனிக்கிழமையை நினைத்தான். காலிக் குளத்தை நினைத்தான். ஈப்போ மாதா கோயில் சாமியாருக்கு இது தெரிந்தால் என்ன ஆகும் என்றும் நினைத்தான். கடைசியில், கொட்டகைக்குள் இருந்துகொண்டே கண்ணை மூடி அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருப்பது என்று முடிவு செய்தான். இரண்டு பக்கமும் சொல்லி வைத்தால் யாராவது ஒருவர் வருவார்கள்.

சன்னாசி உடுக்கை அடித்தான். உடம்பு ஆடியது. குரல் மாறியது. பம்பைச் சுற்றி வந்து, ஓடையிலிருந்து வரும் குழாயைத் தடவிக்கொண்டே போய், இணைப்பு இருந்த இடத்தில் எல்லாம் சந்தனத்தை அப்பினான். பொட்டு வைக்கிற மாதிரி வைக்கவில்லை, சுவர் பூசுகிற மாதிரி பூசினான். பிறகு பாஸ்கலைப் பார்த்து அதட்டினான்.

"டேய்! இதோட உச்சந்தலையில ஒரு திருகு இருக்கு. தொறடா! காத்து அந்த வழியாத்தான் போகும்!"

தன்னை டேய் என்று கூப்பிட்டது முனியாண்டியா சன்னாசியா என்று பாஸ்கலுக்கு விளங்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று திறந்தான். மூன்று வருஷமாக அந்தத் திருகை அவன் அழகுக்கு வைத்தது என்று நினைத்திருந்தான். பம்புக்கு மேலே இருந்த மூடியைக் கழற்றச் சொல்லி, மஞ்சள் தண்ணீரைச் சன்னாசி குடம் குடமாக ஊற்றினான். ஊற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு குடத்தையும் துணி போட்டு வடிகட்டினான். சாமி ரொம்பச் சுத்தக்காரர் போலிருக்கிறது என்று பாஸ்கல் நினைத்துக்கொண்டான். ஐந்தாம் குடத்தில் திருகு வழியாகக் குபுக் குபுக்கென்று குமிழி வந்தது. கூட்டம் "போகுது, போகுது" என்று கத்தியது. ஏழாம் குடத்தில் குமிழி நின்று தண்ணீர் மட்டும் வழிந்தது.

"மூடுடா! இப்ப ஓட்டுடா!"

பாஸ்கல் மூடினான். ஓட்டினான். பம்பு ஒரு தடவை செருமியது. மேலே குளத்துக்குள் தடதடவென்று தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். கிளப் வராந்தாவில் செக்ரட்டரி துரை தொப்பியைக் கழற்றி ஆட்டினார்.

அன்றைக்குப் பாஸ்கல் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான். லயம் முழுக்கச் சன்னாசி பேச்சுதான். எல்ஸி வேறு சும்மா இருக்கவில்லை.

"பூசாரி பம்பு ஓட்டுறாரு. நீங்க போயி கோயில்ல மணி ஆட்டுங்க."

"இதெல்லாம் தற்செயலு. நான் நேத்தே பாதி சரி பண்ணியாச்சு. அவன் மீதிக்குத்தான் வந்தான்."

"மாதாகிட்ட நீங்க வேண்டினீங்களே, அவங்களுக்கும் ஏதாச்சும் பங்கு மிச்சம் வைங்க" என்றாள் எல்ஸி.

சாயங்காலத்துக்குள் தண்ணீரின் சத்தம் மெலிந்தது. வெள்ளிக்கிழமை காலையில் மறுபடியும் புஸ். குளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் நிரம்பியிருந்தது.

பாஸ்கல் கொட்டகையைச் சாத்திவிட்டு, ரப்பர் மரங்களுக்கு நடுவே குறுக்கு வழியாக முனியாண்டி கோயிலுக்குப் போனான். யாராவது பார்த்தால் என்ன சொல்வது என்று வழி நெடுக மூன்று காரணம் தயார் பண்ணினான். ஒருத்தரும் பார்க்கவில்லை. அதுவும் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. சன்னாசி கோயிலைச் சுற்றிக் கூட்டிக்கொண்டிருந்தான்.

"பூசாரி, நேத்து செஞ்சத இன்னொரு தடவ செய்யணும்."

"மறுபடியும் நின்னுருச்சா?"

"சாயந்தரம் வரைக்கும் ஓடுச்சு. காலையில பாத்தா வெறுங்காத்து."

சன்னாசி விளக்குமாற்றைச் சாய்த்து வைத்தான். "சந்தனம் காஞ்சிருச்சு."

"சாமி குத்தமா?"

"சாமி குத்தம் இல்லண்ணே. சந்தனம் காஞ்சா வெடிக்கும். வெடிச்சா காத்த உள்ள இழுக்கும். கொழாயில எங்கயோ ஒரு ஓட்ட இருக்கு. தண்ணிக்குப் பதிலா அது வழியா காத்து போவுது. பம்பு தண்ணியத்தான் தள்ளும். காத்தத் தள்ளாது."

பாஸ்கல் அப்படியே நின்றான். ஈப்போ பட்டறைக்காரர் இரண்டு வார்த்தையில் சொன்னது இதுதானா?

"உனக்கு எப்படித் தெரியும்?"

சன்னாசி வலது கையைத் தூக்கிக் காட்டினான். "இது எப்படிப் போச்சுன்னு நெனைக்கிறீங்க?"

"முனியாண்டிக்கு நேந்து வெட்டிக் குடுத்தேன்னு..."

"நான் அப்படிச் சொல்லல. லயத்துல சொன்னாங்க. நான் இல்லேன்னும் சொல்லல. பெல்ட்டுல போச்சுண்ணே. ஈயச் சுரங்கத்துல பம்பு எடத்துல நாலு வருஷம் இருந்தேன். வெரலு போனப்புறம் அங்க யாரு வச்சுக்குவாங்க? இங்க பூசாரி வேணும்னாங்க. விபூதி குடுக்க மூணு வெரலு போதும்லா."

"எந்தச் சுரங்கம்?" என்று கேட்டான் பாஸ்கல்.

"உங்க சுரங்கந்தான்."

பாஸ்கல் பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்தான்.

"நீங்க எஞ்சினியர் தொரை பங்களாவுல அடுப்படியில இருந்தீங்க. ஞாயித்துக்கெழமை மிஞ்சுன கோழிக்கறிய பின்வாசல்ல வச்சுக் குடுப்பீங்க. நான் வரிசையில நின்னு வாங்கித் தின்னுருக்கேன். நீங்க சட்டியத்தான் பாப்பீங்க, ஆளப் பாக்க மாட்டீங்க. நல்லாத்தான் இருக்கும். உப்புதான் கொஞ்சம் தூக்கல்."

பாஸ்கலுக்கு எதற்கு முதலில் வெட்கப்படுவது என்று தெரியவில்லை. மூன்று வருஷமாக இந்தச் சன்னாசியின் முன்னால் எத்தனை கதை விட்டிருக்கிறான்! சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்தபோது ஒற்றை ஆளாகப் பம்பைப் பிடித்து நாற்பது பேர் உயிரைக் காப்பாற்றிய கதையைப் பொங்கலுக்குப் பொங்கல் சொல்லுவான். ஒவ்வொரு தடவையும் வெள்ளம் ஒரு அடி ஏறும். சன்னாசி மூன்று விரலைத் தாடையில் வைத்துக்கொண்டு, "அப்படியாண்ணே" என்று கேட்டுக்கொண்டிருப்பான். அந்த வெள்ளத்தன்று பாஸ்கல் பங்களா மேசை மேல் ஏறி நின்று அரிசி மூட்டையைக் காப்பாற்றினான். மேசை ஏறியது நிஜம். இவ்வளவு யோசித்தும் மனத்தில் ரொம்பக் குத்தியது உப்பு தூக்கல் என்பதுதான்.

"ஏன் இவ்வளவு நாளா சொல்லல?"

"ஓடுற பம்பப் பத்தி என்னண்ணே சொல்றது?"

"செவ்வாக்கெழமையாச்சும் சொல்லியிருக்கலாம்லா."

"வந்தேனே. தேங்கா ஒடைக்கிற எடம் இல்லேன்னீங்க." சன்னாசியின் குரலில் கோபம் இல்லை. "நான் அங்க நின்னு, அண்ணே அந்தத் திருகத் தொறங்கன்னு சொல்லியிருந்தா தொறந்திருப்பீங்களா?"

பாஸ்கல் யோசித்துப் பார்த்தான். நிஜமாகவே யோசித்தான். "மாட்டேன்."

"சாமி சொன்னா தொறப்பீங்கன்னு தெரியும்."

"நான் வேதக்காரன்."

"அப்படியும் தொறந்தீங்களே."

பாஸ்கல் மெதுவாகக் கேட்டான்.

"அப்ப நேத்து உனக்குச் சாமி வரலியா?"

சன்னாசி இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கோயிலுக்குள் ஒரு தடவை பார்த்தான். "வந்தாரு. ஆனா அவரு பம்பு வேலைக்கு வரல. அது என் வேல." பிறகு விளக்குமாற்றை எடுத்தான். "இன்னிக்கு வெள்ளிக்கெழம, எனக்குப் பூச இருக்கு. துணி தொவைக்கிற சவக்காரத்த நொரையாக் கரைச்சுக் கொழாய் நெடுகத் தடவுங்க. நேத்து மாதிரி தண்ணி ஊத்தி நெரப்பிட்டு எஞ்சினப் போடுங்க. எங்க நொர உள்ள போவுதோ அங்கதான் ஓட்ட."

எல்ஸியின் சவக்காரக் கட்டியைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனான் பாஸ்கல். குடம் குடமாகத் தண்ணீரைத் தூக்கி வந்து, வடிகட்டி, ஊற்றி, குமிழி நிற்கும்வரை காத்திருந்து, திருகை மூடி, எஞ்சினை ஓட்டினான். நுரையைத் தடவிக்கொண்டு ஓடைப் பக்கமிருந்து ஒவ்வொரு இணைப்பாக வந்தான். முதல் இணைப்பில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது, பம்புக்குப் பக்கத்தில் குழாய் வளைகிற இடம். அங்கே தடவிய நுரை சர்ரென்று உள்ளே போய் மறைந்தது.

குனிந்து பார்த்தான். மயிரிழை மாதிரி ஒரு விரிசல். விரிசலைச் சுற்றி இரும்பு பளபளவென்று தேய்ந்து, சின்னச் சின்னக் குழியாக இருந்தது.

அந்தக் குழிகளை அவனுக்குத் தெரியும். ஈப்போ ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒருத்தர் நோயாளியின் முதுகில் தட்டித் தட்டிக் கேட்டதை ஒரு தடவை பார்த்திருந்தான். பம்பு வேலைக்கு வந்த முதல் நாளே, பார்க்கிறவர்களுக்கு ஒரு மரியாதை இருக்கட்டும் என்று, ஸ்பேனரால் குழாயை மூன்று தட்டு தட்டி, காதை வைத்துக் கேட்டு, கண்ணை மூடித் தலையாட்டினான். துரை வியந்து போனார். அன்றிலிருந்து தினமும் மூன்று தட்டு. விருந்தாளி வந்தால் ஆறு. இடம் மாறினால் நம்பிக்கை குறைந்துவிடும் என்று எப்போதும் ஒரே இடத்தில். மூன்று வருஷத்துக்கு மூவாயிரத்துக்கு மேல் தட்டியாகிவிட்டது. பம்புக்குக் காற்றும் இல்லை, கருப்பும் இல்லை. அதைப் பிடித்த பேய்க்குப் பெயர் பாஸ்கல்.

தரையில் உட்கார்ந்து சிரித்தான். கண்ணில் நீர் வரும்வரை தனியாகச் சிரித்தான். நல்லவேளை, வேடிக்கை பார்க்க யாரும் இல்லை.

பிறகு எழுந்து எஞ்சினை நிறுத்திவிட்டுத் ரப்பர் தாள் உலர்த்தும் புகைக்கூடத்துக்கு ஓடி, ஒரு தாளும் ஒரு சிரட்டை ரப்பர் பாலும் கேட்டு வாங்கி வந்தான். விரிசலைத் துடைத்து, பாலைப் பூசி, ரப்பர் தாளை நீளமாகக் கிழித்துச் சுற்றுச் சுற்றாக இறுக்கி, மேலே கம்பியால் வரிந்து கட்டினான். கோழியின் காலைக் கட்டுகிற அதே கட்டு. ஆறு வருஷ அடுப்படி அனுபவம் பம்புக்கு முதல் தடவையாக உதவியது. மறுபடியும் நீர் ஊற்றி நிரப்பி ஓட்டினான். தண்ணீர் வந்தது. அன்று முழுக்க ஓடி, மறுநாள் மத்தியானம் வரைக்கும் நிற்காமல் வந்தது.

சனிக்கிழமை குளம் விளிம்புக்கு ஒரு சாண் குறைவாக நிரம்பியிருந்தது. துரைமார்கள் ஒருத்தருக்கு மேல் ஒருத்தர் குதித்தார்கள். செக்ரட்டரி துரை ஈரத் தலையோடு பாஸ்கலைக் கூப்பிட்டார்.

"நல்ல வேலை, பாஸ்கல். என்னா கோளாறு இருந்தது?"

வயதாகிவிட்டது, வெயில், ஓடைத் தண்ணீரில் உப்பு என்று மூன்று பதில் நாக்கில் வந்து நின்றன. பாஸ்கல் அவற்றை விழுங்கினான்.

"நான்தான் தொரை கோளாறு. தெனமும் ஸ்பேனரால தட்டித் தட்டி நானே கொழாய ஒடைச்சுட்டேன். எனக்குப் பம்பு தெரியாது. சமையல்தான் தெரியும்."

துரை ஒரு கணம் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவர்களிடம் இங்கிலீஷில் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். உலகத்திலேயே முதல் தடவையாகத் தன் தலையில் பழியைப் போட்டுக்கொள்கிற மெக்கானிக் ஒருவனைப் பார்க்கிறேன், ரொம்ப அடக்கமான ஆள் என்று சொன்னாராம். மேசை பரிமாறுகிறவன் வந்து சொன்னான். சாயங்காலத்துக்குள் ஆற்றுக்கு அக்கரைத் தோட்டத்துத் துரை ஒருத்தர், தன் வீட்டுக் கிணற்றுப் பம்பும் தகராறு செய்கிறது, அடுத்த வாரம் வந்து பார்க்க முடியுமா என்று பாஸ்கலைக் கேட்டுவிட்டார். பொய் சொல்லி வாங்கின பேர் செமோரோடு நின்றது. உண்மையைச் சொன்னதில் அது ஆற்றைத் தாண்டிவிட்டது.

"வாரேன் தொரை. ஆனா கூட ஒரு ஆளு வருவாரு. வேல தெரிஞ்சவரு" என்றான் பாஸ்கல்.

திங்கட்கிழமை பால்வெட்டு நேரம் முடிந்ததும் சன்னாசி பம்பைப் பிரித்துக் காட்டக் கொட்டகைக்கு வந்தான். பாஸ்கலே வாசல் வரைக்கும் போய்க் கூட்டி வந்தான். வேலை முடிந்ததும் ஒரு கோழி அடிப்பதாகப் பேச்சு. எல்ஸி மசாலை அரைத்துக்கொண்டிருந்தாள். உப்பைத் தானே போடுவதாகவும் சொல்லியிருந்தாள்.

"அண்ணே, இதத் தொறந்து பாத்துருக்கீங்களா?" என்று பம்பைத் தொட்டுக் கேட்டான் சன்னாசி.

"இல்ல. பயம்."

"என்ன பயம்?"

"உள்ள நெறைய இருக்கும்னு."

சன்னாசி போல்ட்டுகளைக் காட்டினான், பாஸ்கல் கழற்றினான். ஒவ்வொன்றையும் வரிசையாகத் தகரத்தில் வைத்தான். கனமான மூடி விடுபட்டு வந்தது. பாஸ்கல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான். வளைந்த இதழ்களோடு ஒரே ஒரு சக்கரம். கொஞ்சம் மணல். ஒரு நத்தை ஓடு.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாண்ணே."

மூன்று வருஷம் இதற்கா பயந்தோம் என்று அவனுக்கு வருத்தமாகக் கூட இருந்தது. மணலைத் துடைத்து, சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, இருவரும் சேர்ந்து மூடினார்கள். எல்லாவற்றையும் இறுக்கி முடித்தபோது தகரத்தில் ஒரு போல்ட் மிஞ்சியிருந்தது.

பாஸ்கல் சன்னாசியைப் பார்த்தான். சன்னாசி போல்ட்டைப் பார்த்தான். பம்பைச் சுற்றி ஒரு தடவை நடந்தான். எல்லா ஓட்டையிலும் ஒரு போல்ட் இருந்தது.

"நாலு வருஷம் இந்த வேல பாத்தேன்னியே" என்றான் பாஸ்கல்.

"பாத்தேன். எனக்கும் எப்பவும் ஒண்ணு மிஞ்சும்" என்றான் சன்னாசி.

பாஸ்கல் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பம்புக்குத் தண்ணீர் ஊற்றக் குடத்தை எடுத்தான்.